காது ரிப்போர்ட் நார்மல், கடையில் ஒன்றும் புரியவில்லை: ஒரு முன்னாள் தறிக்காரரின் நிகழ்வு ஆய்வு

பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கத்து விசைத்தறிக்காரர்களிடம் திரும்பத் திரும்பப் பார்க்கிற ஒரு நிலையை இங்கே ஒரே ஆளின் கதையாக எழுதியிருக்கிறேன். இது தனி ஒருவரின் கோப்பு அல்ல. பலருடையதைக் கலந்து, யார் என்று தெரியாதபடி அமைத்தது. எண்களும் இப்படிப்பட்டவர்களிடம் வழக்கமாக வருகிற எண்கள்தான்.

ஆளுக்கு வயது 57. இருபது வயதில் தறிப்பட்டறைக்குப் போனவர், 24 வருஷம் தறி ஓட்டினார். அப்புறம் பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் மளிகைக் கடை போட்டார். எட்டு வருஷமாகச் சர்க்கரை உண்டு, மாத்திரையில் கட்டுப்பாட்டில் இருக்கிறது. காதில் சீழ் வந்ததில்லை, தலைச்சுற்றல் இல்லை. ராத்திரியில் காதுக்குள் 'கொய்ங்' என்று ஒரு சத்தம் இருக்கிறது. அதை அவராகச் சொல்லவில்லை, கேட்ட பிறகுதான் சொன்னார். தறிக்காரர்கள் பலரும் அதை ஒரு நோயாகவே கணக்கில் எடுப்பதில்லை.

வந்த குறை

"சத்தம் கேக்குதுங்க. பேச்சுத்தான் புரியறதில்லீங்க." இந்த ஒரு வரியிலேயே பாதி நோயறிதல் முடிந்துவிடும். ஆனால் பல இடங்களில் இதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை.

காலையில் கடை சும்மா இருக்கும்போது சிரமமே இல்லை. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல், பஸ் ஹாரனும் பக்கத்துக் கடைப் பாட்டும் சேர்ந்துகொள்ளும்போது, பட்டை கேட்டால் பத்தியை எடுத்து வைக்கிறார். கூட்டம் வந்தால் கல்லாவை மனைவியிடம் விட்டுவிட்டு மூட்டை அடுக்க உள்ளே போய்விடுகிறார். கல்யாண வீட்டில் பந்தி முடிந்ததும் வெளியே வந்து வண்டிக்குப் பக்கத்தில் நின்றுகொள்கிறார்.

மனைவி சொன்னது: "பேசுனா தலைய ஆட்டறாருங்க. இப்ப நான் என்ன சொன்னேன்னு கேட்டா முழிக்கறாரு. வேணும்னே பண்றாரோன்னு நானும் சண்டை போட்டிருக்கறேன்." அந்தச் சண்டை இவர்கள் வீட்டில் மட்டும் நடப்பதல்ல. அமைதியான வீட்டில் டிவி செய்தியைச் சரியாகக் கேட்கிற மனுஷன், நாலு பேர் நடுவில் மட்டும் கேட்காத மாதிரி இருந்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

இதற்கு முன் இரண்டு இடத்தில் பரிசோதனை செய்திருக்கிறார். ஓரிடத்தில் காது நார்மல் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். இன்னோர் இடத்தில் வயசாகிவிட்டது, அவ்வளவுதான் என்றார்கள். மகன் போனில் ஆர்டர் செய்து வாங்கிக் கொடுத்த ஒரு மலிவான கருவியை ஒரு வாரம் போட்டுப் பார்த்துவிட்டு மேசை டிராயரில் போட்டுவிட்டார். எல்லாமே கத்துகிறது என்றார்.

பரிசோதனை

செவிப்பறையும் நடுக்காதும் நன்றாக இருந்தன. ஆடியோகிராமில், அதாவது ஒவ்வொரு சுருதியிலும் எவ்வளவு மெல்லிய ஒலி வரை கேட்கிறது என்று காட்டும் வரைபடத்தில் (எண் கூடக் கூடக் கேட்பது குறைவு), 250 முதல் 2000 ஹெர்ட்ஸ் வரை இரண்டு காதும் 15-க்கும் 25 டெசிபலுக்கும் இடையே. 500, 1000, 2000 ஆகிய மூன்றின் சராசரி 20. பழைய வழக்கப்படி 25 வரைக்கும் நார்மல் என்பதால், முன்பு பார்த்தவர்கள் எழுதியது கணக்குப்படி பொய் இல்லை. ஆனால் அதே காகிதத்தில் கோடு 3000-த்தில் 35-க்கும், 4000-த்தில் 50-க்கும் இறங்கி, 8000-த்தில் மறுபடி 30-க்கு ஏறியிருந்தது. நடுவில் விழுந்த இந்தப் பள்ளம்தான் இரைச்சல் விட்டுப்போன கையெழுத்து. நம் காதுக் குழாய் 3000 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒலிகளைத் தானே பெருக்கி உள்ளே அனுப்புகிறது. அதற்குச் சற்று மேலே உள்ள இடத்தில் உள்காது அடி வாங்குகிறது. இரண்டு காதிலும் ஒரே மாதிரி பள்ளம் என்பதால் நரம்புக் கட்டி போன்றவற்றைத் தேடி ஸ்கேனுக்கு அனுப்பவில்லை.

அமைதியான அறையில் 25 சொற்களைச் சொல்லச் சொன்னதில் 24 சரி, அதாவது 96 சதவீதம். பெரும்பாலான இடங்களில் பரிசோதனை இதோடு முடிந்துவிடுகிறது. அவர் சிரமப்படுவது அமைதியில் அல்ல, இரைச்சலில். அந்த இரைச்சலை உள்ளே கொண்டுவராமல் கதவைச் சாத்தி வைத்துப் பரிசோதித்து நார்மல் என்று எழுதுவது எனக்கு என்றைக்குமே ஒப்பவில்லை.

இரைச்சலில் வாக்கியம் கேட்கும் பரிசோதனையில் பின்னணியில் நாலு பேர் ஒரே சமயத்தில் பேசிக்கொண்டிருப்பார்கள். ஆறு வாக்கியங்கள், ஒவ்வொன்றிலும் ஐந்து முக்கியச் சொற்கள். முதல் வாக்கியத்தில் பேச்சு இரைச்சலைவிட 25 டெசிபல் உயரத்தில் இருக்கும். பிறகு ஐந்து ஐந்தாகக் குறைந்து, கடைசி வாக்கியத்தில் இரண்டும் சமம். சரியாகச் சொன்ன சொற்களின் எண்ணிக்கையை 25.5-லிருந்து கழித்தால், நல்ல காது உள்ளவரைவிட இவருக்குப் பேச்சு எத்தனை டெசிபல் கூடுதலாக வேண்டும் என்பது கிடைக்கும். 3 வரை நார்மல், 7 வரை லேசான குறை, 15 வரை நடுத்தரம். இந்த முறையில் அமைந்த தமிழ் வாக்கியங்களில் இவர் முதல் தொகுப்பில் 16, இரண்டாவதில் 17 சொற்கள் சொன்னார். சராசரிக் குறை 9.

எண்ணைவிட அவர் தப்பாகச் சொன்ன விதத்தில்தான் விஷயம் அதிகம். முதல் இரண்டு வாக்கியத்தையும் ஒப்பித்த மாதிரி சொன்னார். இரண்டாவது தொகுப்பில் 15-இல் இரண்டு சொல் விட்டது. 10-இல் வந்த வாக்கியம் 'தாத்தா பழைய பெட்டியைப் பூட்டி வைத்தார்'. அவர் சொன்னது 'தாத்தா பழைய பெட்டியைத் தூக்கி வைத்தார்'. சொல்லிவிட்டு, இதில் என்ன தப்பு என்கிற மாதிரி என்னைப் பார்த்தார். அவர் ஊகித்துச் சொன்னதாக அவருக்கே தெரியாது. 'பூட்டி' என்பதில் உயிர் ஒலி காதுக்கு வந்திருக்கிறது, நடுவில் ஒரு வல்லின இரட்டிப்பு இருந்ததும் வந்திருக்கிறது. தொடக்கம் ப்-ஆ த்-ஆ, நடுவில் ட்-ஆ க்-ஆ என்பது மட்டும் வரவில்லை. மிச்சத்தை மூளை பொருத்தமாகப் போட்டு நிரப்பி, கேட்டதாகவே அவரிடம் ஒப்படைத்துவிட்டது. 5-இலும் சமநிலையிலும் கையை விரித்துவிட்டார்.

இரைச்சலில் மூளை என்ன செய்கிறது

பல குரல்களில் ஒன்றை எப்படிப் பிரித்துக் கேட்கிறோம் என்பதை அமெரிக்காவில் காலின் செர்ரி என்ற ஆய்வாளர் 1953-இல் பரிசோதனையாகச் செய்து காட்டினார். ஒரே குரலில் இரண்டு வெவ்வேறு பேச்சுகளை ஒன்றாகக் கலந்து இரண்டு காதிலும் விட்டால், பிரித்தெடுக்கக் கேட்பவர் திண்டாடுகிறார். அதையே ஒரு காதுக்கு ஒன்றாக விட்டால் வேண்டியதைச் சுலபமாகப் பின்தொடர்கிறார். மற்றக் காதில் ஓடியது என்ன மொழி என்பதைக்கூடப் பலரால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. பிரிக்கிற வேலை காதோடு முடிவதில்லை என்பது அப்போதே தெளிவாகிவிட்டது.

அந்த வேலை மூளைத்தண்டிலேயே தொடங்குகிறது. வலப்பக்கம் நின்று பேசுகிறவரின் ஒலி வலது காதைத் தொட்டு, ஒரு நொடியின் பத்தாயிரத்தில் ஆறேழு பங்குக்குள் இடது காதைத் தொட்டுவிடும். அந்த வித்தியாசத்தை அளந்து, இந்தக் குரல் இந்தப் பக்கம், அந்த ஹாரன் அந்தப் பக்கம் என்று பிரிக்கிற செல்கள் அங்கே இருக்கின்றன. இதற்கு நரம்புத் துடிப்புகள் நேரம் தப்பாமல் வந்து சேர வேண்டும். வயது ஏற ஏற அந்த நேரக்கணக்கு கொஞ்சம் குழம்புகிறது, ஆடியோகிராம் நன்றாக இருந்தாலும்கூட.

அடுத்தது இடைவெளிகளைப் பிடிப்பது. சந்தை இரைச்சல் ஒரே சீராக இருப்பதில்லை. மற்றவர்கள் மூச்சு வாங்கும் கணத்தில், இரண்டு சொல்லுக்கு நடுவில், நமக்கு வேண்டிய குரல் ஒரு துண்டு வெளியே தெரியும். தட்டி வேலியின் இடுக்கு வழியாகப் போகிற ஆளைப் பார்ப்பது போல, அந்தத் துண்டுகளை மூளை ஒட்டவைத்து முழு வாக்கியமாக்குகிறது. உள்காது பழுதானவர்களிடம் இந்தத் திறமை குறைந்துவிடுகிறது. நல்ல காது உள்ளவருக்கு, ஏறி இறங்குகிற இரைச்சல் சீரான இரைச்சலைவிட எளிது. இவருக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான்.

மூன்றாவது, விட்டதை நிரப்புவது. ரிச்சர்டு வாரன் 1970-இல் ஒரு வாக்கியத்தின் ஒரு ஒலியை வெட்டியெடுத்துவிட்டு அந்த இடத்தில் ஓர் இருமலை வைத்தார். கேட்டவர்கள் ஒலி விட்டுப்போனதையே உணரவில்லை, இருமல் எந்த இடத்தில் வந்தது என்றும் அவர்களால் சரியாகச் சொல்ல முடியவில்லை. நம் ஆள் பெட்டியைத் தூக்கியதும் இதே வழியில்தான். ஆகவே அவருடைய மூளை கெட்டுவிட்டது என்பதில்லை. வந்து சேரும் தகவல் குறைவாக இருப்பதால், நிரப்பும் பகுதி அளவுக்கு மீறி உழைக்கிறது.

கடைசியாகக் கவனம். 2012-இல் சான்பிரான்சிஸ்கோவில் நிமா மெஸ்கரானியும் எட்வர்டு சாங்கும், வலிப்பு நோய்க்கான சிகிச்சைக்காக மூளையின் மேல் மின்முனைகள் வைக்கப்பட்டிருந்த நோயாளிகளிடம் இரண்டு குரல்களை ஒன்றாகக் கேட்கவிட்டார்கள். செவிப்புறணியின், அதாவது ஒலி பதிவாகும் மூளைப் பகுதியின், துடிப்புகளிலிருந்து ஒலியைத் திரும்பக் கட்டிப் பார்த்தபோது, கலவை வரவில்லை. கவனித்த குரல் மட்டும் தனியாகப் பேசியது போலவே வந்தது. தப்பான பதில் சொன்ன தடவைகளில் அந்தத் தெளிவு இல்லை. கவனம் என்பது ஏதோ மனசு வைக்கிற விஷயம் மட்டுமல்ல, ஒலி பதிவாகும் இடத்திலேயே அது வேலை செய்கிறது. வேணும்னே பண்ணுகிறாரோ என்று சந்தேகப்பட்ட மனைவிக்கு இதை விளக்கியபோது, பாதி சமாதானமானார். கவனம் வைத்தால் கேட்குமே என்பதுதான் அவருடைய வாதம். கவனம் வைக்க முதலில் அந்தக் குரல் தனியாகப் பிரிந்து வர வேண்டும் என்றேன்.

இவருக்கு எது கெட்டிருக்கிறது

நிச்சயமாகச் சொல்லக்கூடியது: வெளி மயிர்க்கலங்கள். ஒவ்வொரு உள்காதிலும் இவை சுமார் 12,000. மெல்லிய ஒலியைப் பெருக்குவதும், பக்கத்துப் பக்கத்து ஒலிகளைப் பிரித்துக் காட்டுவதும் இவைதான். விசைத்தறியில் ஊடு நூலைக் கொண்டுபோகும் நாடா அங்குமிங்கும் அடிபடும் பட்டறைக்குள் சத்தம் 90 டெசிபலைத் தாண்டி 100-ஐத் தொடும். எட்டு மணி நேர வேலைக்கு 85-க்கு மேல் போகக்கூடாது என்பது உலகில் பரவலாக ஏற்ற அளவு. நம் நாட்டு விதிகள் 90 வரை விட்டன. 24 வருஷத்தில் 4000 ஹெர்ட்ஸ் பகுதியின் கலங்கள் போய்விட்டன. போன கலம் திரும்ப முளைக்காது. அங்கே காதுக்குள்ளிருந்து வரும் எதிரொலியைப் பதிவு செய்யும் பரிசோதனையும் 3000 முதல் 6000 வரை வெறுமையாகவே இருந்தது.

இதற்கு இரண்டு பலன். ஒன்று, க், ட், த், ப் இவற்றைப் பிரித்துக் காட்டும் உயர் அதிர்வெண் துணுக்குகள் வருவதில்லை. இன்னொன்று, வருகிற ஒலியும் அகலமாகக் கலங்கி வருவதால் பேச்சும் இரைச்சலும் ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன. முதல் குறையைச் சத்தம் கூட்டிச் சரிக்கட்டலாம், இரண்டாவதை முடியாது. டச்சு ஆய்வாளர் ரைனியர் பிளாம்ப் 1978-லேயே இந்தப் பிரிவினையை எழுதிவிட்டார். டிராயரில் கிடந்த கருவி பஸ் ஹாரனையும் வாடிக்கையாளரையும் ஒரே அளவில் தூக்கிக் கொடுத்தது, ஆகவே அது உதவாததில் ஆச்சரியம் இல்லை.

நிச்சயமில்லாதது: நரம்பு இணைப்புகள். ஷாரன் குஜாவாவும் சார்லஸ் லிபர்மனும் 2009-இல் எலிகளை இரண்டு மணி நேரம் 100 டெசிபல் இரைச்சலில் வைத்தார்கள். சில வாரங்களில் அவற்றின் கேட்கும் அளவு பழையபடி திரும்பிவிட்டது, மயிர்க்கலங்களும் அப்படியே இருந்தன. ஆனால் அந்தக் கலங்களுக்கும் செவிநரம்புக்கும் இடையிலான இணைப்புகள் சில இடங்களில் பாதிவரை போயிருந்தன. முதலில் போகிறவை உரத்த சூழலில் வேலை செய்யும் நரம்பிழைகள் என்று பின்னர் விலங்குகளில் தெரிந்தது. மெல்லிய பீப் ஒலியைக் கேட்க அவை தேவையில்லை, ஆகவே ஆடியோகிராமில் அந்த இழப்பு தெரியாது. மனிதரிடம், இறந்தவர்களின் காதெலும்பை ஆராய்ந்ததில், வயதோடு இந்த இழைகள் குறைவது தெரிகிறது. ஆனால் உயிரோடு இருக்கும் ஒருவரிடம் இதை அளந்து சொல்ல ஒப்புக்கொள்ளப்பட்ட பரிசோதனை இன்னும் வரவில்லை. 9 டெசிபல் குறையில் இதற்கு எவ்வளவு, சர்க்கரைக்கு எவ்வளவு, வயதுக்கு எவ்வளவு என்று பிரித்துச் சொன்னால் அது என் கற்பனையாகத்தான் இருக்கும்.

தமிழ் கேட்பதில் எனக்கு இன்னொரு சந்தேகமும் உண்டு. நம் வாக்கியத்தில் வினை கடைசியில் வருகிறது. குரலும் அங்கே இறங்குகிறது. வேணும் என்றாரா வேணாம் என்றாரா என்பது தெரிய வேண்டிய இடத்தில்தான் பேச்சு இரைச்சலுக்குள் மூழ்குகிறது. மளிகைக் கடையில் பொருளின் பெயரைத் தப்பாகக் கேட்பதைவிட, இந்த வால் விட்டுப்போவதால் வந்த தகராறுகள்தான் அதிகம் என்று அவரே சொன்னார்.

செய்தது

இரண்டு காதுக்கும், காது மடலுக்குப் பின்னால் உட்காரும் சிறிய கருவி. தாழ் ஒலிகளை அவர் இயல்பாகவே நன்றாகக் கேட்பதால் காதுக் குழாயை அடைக்காத திறந்த முனை. 2000-க்கு மேல் மட்டும் பெருக்கம். எதிரே நிற்பவர் குரலுக்கு முன்னுரிமை கொடுக்கும் இரட்டை மைக். இதைப் போட்டு அதே பரிசோதனை வைத்ததில் குறை 9-லிருந்து 6 ஆனது. மூன்று டெசிபல்தானே என்று தோன்றும். 5-இல் வந்த வாக்கியத்தில் கையை விரித்தவர், இப்போது மூன்று சொல் பிடித்தார்.

இன்னும் பெரிய வித்தியாசம் தந்தது ஒரு சின்ன மைக். பேசுகிறவர் சட்டையில் குத்திக்கொண்டால் குரல் நேரே கருவிக்கு வரும். வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண் தூரம், நடுவில் இரைச்சலுக்கு இடமில்லை. வீட்டில் மனைவி அதை வைத்துக்கொண்டார். கடையில் வருகிறவர் போகிறவர் எல்லோரிடமும் அதை நீட்ட முடியாது.

கடைக்கு வேறு வழி. கூல்டிரிங்ஸ் பெட்டி கல்லாவுக்கு எதிரே, வாடிக்கையாளர் நிற்கும் இடத்துக்குப் பின்னால் உறுமிக்கொண்டிருந்தது. கருவியின் மைக் எதிரே வருவதை எல்லாம் பேச்சு என்றே எடுத்துக்கொள்ளும், ஆகவே அவருக்கு மோட்டாரும் ஆளும் ஒன்றாக வந்தார்கள். பெட்டியை அவர் முதுகுக்குப் பின்னால் மாற்றினார்கள். டேபிள் ஃபேனை எடுத்துவிட்டுக் கூரையில் மாட்டினார்கள். கல்லா மேசையைக் கொஞ்சம் ஒடுக்கினார்கள். திறந்த வெளியில் தூரம் பாதியானால் பேச்சு 6 டெசிபல் கூடும். கடைக்குள் அதில் ஒரு பங்காவது கிடைக்கும், அதற்குக் காசு செலவில்லை. கல்லாவுக்கு மேலே ஒரு டியூப் லைட் போட்டு எதிரே நிற்பவர் முகத்தில் வெளிச்சம் விழச் செய்ததும் உதவியது. ப் என்பதற்கு உதடு மூடும், க் என்பதற்கு மூடாது. காது விட்டதைக் கண் எடுத்துக்கொள்ளும்.

மனைவிக்குச் சொன்னது குறைவு. சமையலறையிலிருந்து கத்த வேண்டாம். முதலில் கூப்பிட்டு, அவர் திரும்பியதும் பேசுங்கள். கத்தும்போது உயிர் ஒலிதான் பெரிதாகிறது, மெய்யெழுத்துக்கு அந்த அளவுக்கு உதவி இல்லை.

மூன்று மாதம் கழித்து

தினமும் எட்டு மணி நேரம் போல் கருவியைப் போடுகிறார். முதல் இரண்டு வாரம் பேப்பர் பை சரசரப்பும் தட்டு வைக்கும் சத்தமும் தலைவலியாக இருந்தது, பிறகு பழகிவிட்டது. சாயங்கால வியாபாரத்தில் கல்லாவிலேயே நிற்கிறார். அவர் முதலில் சொன்ன மாற்றம் கேட்பது பற்றியது அல்ல: கடை சாத்தும்போது முன்பு போல அலுப்பு இல்லை என்றார். பேச்சைத் துண்டு துண்டாக ஒட்டவைக்க மூளை நினைவாற்றலையும் கவனத்தையும் இழுத்துக்கொள்வதால் வருகிற களைப்பு அது. கல்யாண மண்டபம் மட்டும் மாறவில்லை. கிரானைட் தரை, வெறும் சுவர், நாதஸ்வரம், பாட்டுக் கச்சேரி ஸ்பீக்கர். அங்கே எந்தக் கருவியும் பெரிதாக எதுவும் செய்யாது. அதை முதல் நாளே சொல்லியிருந்ததால் ஏமாற்றம் இல்லை.

மனைவி தனியாகக் கேட்ட கேள்வி: காது கேட்காவிட்டால் மறதி நோய் வரும் என்கிறார்களே? செவித்திறன் குறைவுக்கும் பிற்கால மறதி நோய்க்கும் தொடர்பு இருப்பது உண்மை. கருவி போட்டால் அது தள்ளிப்போகுமா என்பதற்கு நேரடிச் சோதனை ஒன்று 2023-இல் அமெரிக்காவில் வெளிவந்தது. 70 முதல் 84 வயது வரை 977 பேர், மூன்று வருஷம். எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால் வித்தியாசம் இல்லை. ஏற்கெனவே ஆபத்து அதிகமுள்ள பிரிவினரிடம் மட்டும் அறிவுத்திறன் சரிவு 48 சதவீதம் குறைவாக இருந்தது. அவர்கள் இவரைவிட வயதானவர்கள். ஆகவே மறதிக்குப் பயந்து கருவி போடச் சொல்லவில்லை, கடை நடத்தப் போடச் சொன்னேன். மறதி நோயைக் காட்டிப் பயமுறுத்திக் கருவி விற்பது இப்போது ஒரு வியாபார உத்தியாகவே ஆகிவிட்டது.

அவருடைய தம்பி மகன் இன்னும் தறி ஓட்டுகிறார், 26 வயது. அவரையும் அழைத்து வரச் சொல்லி இரண்டு பரிசோதனையும் எடுத்தோம். 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைகள் சட்டம் இரைச்சலால் வரும் செவித்திறன் இழப்பைத் தெரிவிக்க வேண்டிய தொழில் நோயாகப் பட்டியலிட்டிருந்தது. சின்னப் பட்டறைகள் பலவும் அந்த வரம்புக்கு வெளியே இருந்ததால், இவர்கள் குடும்பத்தில் யாருக்கும் வேலை இடத்தில் காதுப் பரிசோதனை நடந்ததே இல்லை. ஆடியோகிராம் சுத்தம், 4000-த்தில் 15. இரைச்சலில் குறை 3, எல்லைக்கோட்டில். காதில் பஞ்சு வைத்துக்கொள்கிறேன் என்றார். பஞ்சு ஏறக்குறைய எதையும் தடுக்காது. நுரை அடைப்பானை விரலால் உருட்டி ஒடுக்கி, மறுகையால் காதை மேலே பின்னால் இழுத்து, உள்ளே விட்டு அது விரியும்வரை பிடிக்கக் காட்டிக்கொடுத்தோம். நூல் அறுந்தால் தறி ஓட்டம் மாறும் சத்தம் கேட்குமா என்பது அவர் கவலை. பட்டறையில் போட்டுப் பார்த்துவிட்டு, கேட்கிறது என்று போனில் சொன்னார். அடுத்த வருஷம் அதே இரண்டு பரிசோதனைக்கும் வரச் சொல்லியிருக்கிறோம்.